குழலில் ஒரு சிறு துளை: தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் வாயு அமைப்பு

துப்பாக்கியின் விசையை இழுத்ததும் ஊசி தோட்டாவின் அடியில் தட்டுகிறது, உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்கிறது. மருந்து எரிந்து வாயுவாவதும், அந்த வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழலின் முழு நீளத்தையும் கடப்பதும் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வெடியறைக்குள் எழும் அழுத்தம் சாதாரணமானதல்ல. கார் டயரில் காற்று நிரப்பும் கடையில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு என்று வைப்பார்கள். எம்16 வகைத் துப்பாக்கியின் வெடியறையில் அதே அளவுகோலில் 50,000-ஐத் தொடும். குண்டு வெளியேறியதும் அந்த அழுத்தம் குழல் வாயிலிருந்து சத்தமாகவும் நெருப்பாகவும் வீணாகக் கொட்டுகிறது. வீணாகும் வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு, காலித் தோட்டாக் கூட்டை வெளியே தள்ளவும் அடுத்த தோட்டாவை ஏற்றவும் பயன்படுத்துவதே அரைத் தானியங்கித் துப்பாக்கியின் வாயு அமைப்பு. இன்று உலகப் படைகள் வைத்திருக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் இயங்குகின்றன.

வேலையைச் செய்வது குழலின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு துளை. குண்டு துளையைக் கடந்ததும் அதன் பின்னால் வரும் வாயுவில் ஒரு பங்கு துளை வழியே ஏறி, ஒரு பிஸ்டனையோ வேறொரு பாகத்தையோ பின்னோக்கித் தள்ளும். அது வெடியறையைப் பின்புறம் அடைத்து நிற்கும் போல்ட்டின் பூட்டைத் திறக்கும். போல்ட் பின்னால் ஓடும்போது கொக்கி காலிக் கூட்டைப் பிடித்து இழுத்து எறியும். சுருள்வில் போல்ட்டை மறுபடி முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். சொல்வதற்கு எளிது. சிக்கல் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. பூட்டு சற்று முன்னதாகத் திறந்துவிட்டால், வெடியறைச் சுவரோடு இன்னும் இறுகி ஒட்டியிருக்கும் பித்தளைக் கூட்டைக் கொக்கி பிடுங்கப் பார்க்கும். கூட்டின் விளிம்பு பிய்ந்துபோகும், கூடு உள்ளேயே நின்றுவிடும். வாயு போதாவிட்டால் போல்ட் முழுத் தூரம் ஓடாமல் பாதியில் திரும்பும். துளை குழலில் எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் எவ்வளவு குழல் மிச்சம் இருக்கிறது, துளை எவ்வளவு பெரியது, மருந்து எந்த வேகத்தில் எரிகிறது, நகரும் பாகங்களின் எடை என்ன, சுருள்வில்லின் வலு என்ன என்ற எல்லாக் கணக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றில் கைவைத்தால் மற்றவை தாமாகவே மாறிவிடும். வாயு அமைப்பின் நூற்றுமுப்பது ஆண்டு வரலாறு இந்த ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்ற வரலாறுதான். கற்றவர்களில் பெரிய அரசாங்கங்களும் உண்டு.

தொடக்கம் ஒரு குடும்பப் பட்டறையில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரில் துப்பாக்கி செய்து பிழைத்த குடும்பம் ஜான் மோசஸ் பிரௌனிங்குடையது. 1889-இல் ஒருநாள் துப்பாக்கி சுடும் இடத்தில், ஒவ்வொரு வெடிக்கும் குழல் வாய்க்கு முன்னால் இருந்த செடிகளும் புற்களும் சாய்ந்து எழுவதை அவர் கவனித்தார். எல்லோரும் பார்த்துப் பழகிய காட்சி. அவருக்கு மட்டும் அது வீணாகும் வலுவாகத் தெரிந்தது. துளையிட்ட கனமான இரும்புக் கட்டியைக் குழல் வாய்க்கு நேரே வைத்துச் சுட்டுப் பார்த்தார். குண்டு துளை வழியே போனது, பின்னால் வந்த வாயு கட்டியைத் தூக்கி எறிந்தது. அடுத்து 1873 மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கி ஒன்றை எடுத்து, அதன் குழல் வாயில் ஒரு குழிந்த தகட்டைப் பொருத்தி, அதைக் கம்பியால் துப்பாக்கியின் கைநெம்புகோலோடு இணைத்தார். வெடித்த வாயு தகட்டை முன்னால் தள்ள, தகடு நெம்புகோலை இழுக்க, துப்பாக்கி தானே தோட்டா ஏற்றிக்கொண்டது. பார்ப்பதற்குக் கேலிக்கூத்தாக இருந்த அந்தக் கருவிதான் ஒரு பெரிய குடும்பத்தின் மூதாதை. 1892-இல் காப்புரிமை கிடைத்தது. அதிலிருந்து வளர்ந்த கோல்ட் இயந்திரத் துப்பாக்கி 1895-இல் வந்தது. அதன் அடியில் ஒரு நெம்புகோல் முன்னும் பின்னும் வீசி ஆடும். தரைக்கு மிக அருகில் வைத்தால் மண்ணைக் கிளறும். சிப்பாய்கள் அதற்கு ‘உருளைக்கிழங்கு தோண்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இயந்திரத் துப்பாக்கியைத் தாண்டி, சிப்பாய் தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கிக்கு இந்த முறையைக் கொண்டுவரப் பலர் முயன்றார்கள். மெக்சிகோவின் மனுவேல் மொந்திராகோன் வடிவமைத்த துப்பாக்கி சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு 1908-இல் மெக்சிகோ படையில் சேர்ந்தது. முதல் உலகப் போரின் நடுவில் பிரான்ஸ் 1917 மாதிரி ஒன்றைக் களத்தில் இறக்கியது. ஆனால் பல நாட்டுப் படைகளின் ஆயுதத் துறைகளை ஒரு தயக்கம் பிடித்து நிறுத்தியது. நன்றாகச் செய்த குழலின் நடுவில் துளை போடுவதா? குறி தவறாதா, துளை ஓரம் அரித்துப் போகாதா, குண்டின் செப்பு உறை சீவப்பட்டு அடைத்துக்கொள்ளாதா?

இந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் வாய்ப்பொறி முறை. குழலைத் தொடாமல், அதன் வாயில் ஒரு குப்பியைப் பொருத்தி, குண்டு வெளியேறிய பிறகு வரும் வாயுவை அங்கே பிடித்துக்கொள்வது. டென்மார்க்கின் சோரன் ஹான்சன் பாங் இதில் பேர்போனவர். ஜெர்மனியின் ஆயுதத் துறை இரண்டாம் உலகப் போரில் புதிய துப்பாக்கி கேட்டபோது குழலில் துளை கூடவே கூடாது என்று நிபந்தனை போட்டது. அப்படி வந்த 1941 மாதிரித் துப்பாக்கிகள் முன்பக்கம் கனத்து, கரி படிந்து, கிழக்குக் களத்தின் சேற்றில் திணறின. எதிரில் இருந்த சோவியத் சிப்பாய்களின் கையில் ஃபியோதர் தோகரெவின் எஸ்விடி-40 இருந்தது. அதன் குழலில் துளை இருந்தது, மேலே குட்டைப் பிஸ்டனும் இருந்தது. கைப்பற்றிய சோவியத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்த ஜெர்மானியர் 1943 மாதிரியில் அதே முறையை எடுத்துக்கொண்டார்கள். அஞ்சியபடி குறி ஒன்றும் கெட்டுவிடவில்லை.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் மெதுவாக, இன்னும் செலவோடு நடந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1888-இல் பிறந்த ஜான் காரண்ட் 1919-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு 1936-இல் அவருடைய எம்1 துப்பாக்கி அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்டது. முதலில் வந்தவை வாய்ப்பொறி வகை. குழலின் நுனியில் ஒரு உருளை; அதன் முன்னால் திருகிய மூடி; மூடியின் ஓட்டை வழியே குண்டு வெளியேறும்; பின்னால் வரும் வாயு உருளைக்குள் திரும்பி, குழலுக்கு அடியில் நீண்டு ஓடும் இயக்கத் தண்டைத் தள்ளும். இந்த அமைப்பில் முன்குறியும் துப்பாக்கி முனைக் கத்தியும் அந்த உருளையைச் சார்ந்து நிற்க வேண்டியிருந்தது. உருளை கொஞ்சம் அசைந்தாலும் குறி அசைந்துவிடும். கரி உள்ளே கெட்டியாகப் படிந்தது. சுத்தம் செய்வது பெரும் தொல்லை. திருகு மூடி தளர்ந்து குண்டின் பாதையிலிருந்து விலகும் அபாயமும் இருந்தது. 1939-இல் காரண்ட் மாற்று வடிவத்தைத் தந்தார்: குழலின் வாய்க்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை, அவ்வளவுதான். 1940-இன் நடுவில் தொழிற்சாலை புதிய வடிவத்துக்கு மாறியது. அதற்குள் ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள் பழைய வடிவில் வெளியே போயிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் திரும்பப் பெறப்பட்டு மாற்றிக் கட்டப்பட்டன. மாற்றாத ஒன்று இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர் சந்தையில் வந்தால் அது செய்திதான்.

எம்1 போரில் நன்றாக உழைத்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆனால் அதன் துளையும் தண்டும் ஒரு குறிப்பிட்ட படைத் தோட்டாவின் மருந்துக்காகவே அளந்து வைக்கப்பட்டவை. போருக்குப் பிறகு அமெரிக்கப் பொதுமக்கள் இந்தத் துப்பாக்கியை வாங்கி, கடையில் கிடைத்த கனமான வேட்டைத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது நீண்ட இயக்கத் தண்டு வளைந்துபோனது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வேட்டைத் தோட்டாவில் இருப்பது மெதுவாக எரியும் மருந்து. வெடியறையில் அதன் உச்ச அழுத்தம் படைத் தோட்டாவின் அளவைத் தாண்டாமலே இருக்கலாம். ஆனால் மெதுவாக எரிவதால் குழல் நுனி வரைக்கும் அழுத்தம் விழாமல் நிற்கிறது. துளை இருப்பது நுனியில். ஆகவே வெடியறைக்கு ஒன்றும் ஆகாத தோட்டா தண்டை மட்டும் வளைத்துவிடும். உச்ச அழுத்தம் ஒன்று, துளையருகே நிற்கும் அழுத்தம் வேறொன்று என்ற இந்தப் பாடம் இங்கே ஒரு துப்பாக்கிக்காரரின் கைப்பொருள் நஷ்டத்தோடு முடிந்தது. பின்னாளில் அதே பாடம் உயிர்களை வாங்கியது.

அதற்கு முன் ஒரு பக்கவழி. இருக்கும் துப்பாக்கியைப் பட்டறையில் மாற்றித் தானியங்கியாக்குவது நடக்காத காரியமல்ல. போர்க்கால நெருக்கடியில் அரசுகளே அதைச் செய்ததுண்டு. முதல் உலகப் போரில் கனடாவில் ஜோசப் அல்ஃபோன்ஸ் ஹூவோ, பழைய ராஸ் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில் பிஸ்டன் ஒன்றைப் பொருத்தி இயந்திரத் துப்பாக்கியாக்கிக் காட்டினார். படைக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1941-இல் ஜப்பானியப் படையெடுப்பை எதிர்பார்த்துக் கலங்கிய நியூசிலாந்தில் ஃபிலிப் சார்ல்டன் என்பவர், கிட்டங்கிகளில் தூசி படிந்து கிடந்த பழைய லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்து, ஹேஸ்டிங்ஸ் நகரிலிருந்த தம் பட்டறையில் வாயு பிஸ்டனும் இருகால் தாங்கியும் குளிர்விக்கும் வரிகளும் சேர்த்து மாற்றினார். ஏறத்தாழ 1,500 துப்பாக்கிகள் இப்படி மாற்றப்பட்டன. நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய துப்பாக்கியின் எலும்பின்மேல் கட்டிய இந்த விசித்திர உருவத்தைப் படம் பார்க்காமல் நம்புவது கடினம். அவை ஊர்க்காவல் படைக்கென வைக்கப்பட்டன. போரில் சுடும் நிலை வரவில்லை. பிறகு பால்மர்ஸ்டன் நார்த் கிடங்கில் பிடித்த தீயில் பெரும்பகுதி எரிந்துபோனது. பொறியியல் திறமைக்கு இவை சாட்சிதான். ஆனால் சார்ல்டனுக்குப் பின்னால் ஒரு படையின் சோதனைக்களமும் ஆய்வாளர்களும் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாயுவின் அளவு மாறக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சிப்பாயே கூட்டிக் குறைக்கும்படி ஒழுங்குபடுத்தி வைப்பது இன்னொரு வழி. எஸ்விடி-40-இல் ஐந்து நிலைகள் கொண்ட வாயு ஒழுங்கி இருந்தது. பனியிலும் அழுக்கிலும் அதிக வாயு, கோடையில் குறைந்த வாயு. பயிற்சி குறைந்த சிப்பாய் கையில் அது தலைவலியானது. தவறான நிலையில் வைத்துவிட்டு, துப்பாக்கிமேல் பழி போட்டவர்கள் பலர். பெல்ஜியத்தின் டியூடோன்னே சேவ் வடிவமைத்த எஃப்என் எஃப்ஏஎல் இதே எண்ணத்தைச் செம்மையாகச் செய்தது. அதில் தேவைக்கு மேற்பட்ட வாயுவை வெளியே விட்டுவிடும் ஏற்பாடு இருந்தது; குக்கரின் வெயிட் அதிக நீராவியை வெளியே விடுவதைப் போல. இந்தியப் படை பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த ‘எஸ்எல்ஆர்’ இதன் வழிவந்ததுதான். மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் அது செய்யப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர்கள் யாரிடமாவது கேட்டால், அதன் வாயு ஒழுங்கியைப் பற்றி இன்றும் அரைமணி நேரம் பேசுவார்கள்.

மிஹாயில் கலாஷ்னிகோவின் ஏகே-47 இதற்கு நேர்மாறான மனப்பான்மையில் பிறந்தது. ஒழுங்கி கிடையாது. எந்த நிலையிலும் தேவைக்கு மேல் வாயு; போல்ட்டோடு ஒன்றாகவே ஓடும் கனத்த நீள பிஸ்டன்; பாகங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி; குரோமியம் பூசிய குழல். துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மண்ணிலும் மழையிலும் நிற்காமல் ஓடுவதை வாங்கிக்கொண்ட கணக்கு அது. மூன்றாவதாக ஒரு குடும்பம் பிஸ்டனே வேண்டாம் என்றது. ஸ்வீடனின் 1942 மாதிரி லியுங்மன் துப்பாக்கியும் பிரான்சின் எம்ஏஎஸ் துப்பாக்கிகளும் வாயுவை ஒரு மெல்லிய குழாய் வழியே நேராகப் போல்ட் தாங்கியின்மேல் ஊதிவிட்டன.

அமெரிக்கப் பொறியாளர் யூஜின் ஸ்டோனர் அங்கிருந்து ஓரடி முன்னே போனார். ஆர்மலைட் நிறுவனத்தில் அவர் 1950-களின் நடுவில் செய்த ஏஆர்-10-இலும் பின் வந்த ஏஆர்-15-இலும் வாயு குழாய் வழியே வந்து போல்ட் தாங்கிக்கு உள்ளேயே நுழைகிறது. தாங்கி உருளையாகவும் போல்ட்டின் பின்பகுதி பிஸ்டனாகவும் வேலை செய்கின்றன. ‘நேரடி வாயு முறை’ என்று எல்லோரும் சொல்வது உண்மையில் பொருந்தாத பெயர். பிஸ்டன் காணாமல் போகவில்லை, போல்ட்டுக்குள் ஒளிந்துகொண்டது. விசை எல்லாம் குழலின் அச்சிலேயே இயங்குவதால் துப்பாக்கி தூக்கி அடிப்பதில்லை, எடையும் குறைவு. அதற்கு விலையும் உண்டு: சூடான கரியும் வாயுவும் இயந்திரத்தின் நெஞ்சுக்குள்ளேயே வந்து கொட்டுகின்றன.

இந்தத் துப்பாக்கிதான் எம்16 என்ற பெயரில் வியட்நாமுக்குப் போனது. ஸ்டோனரின் கணக்கு டூபாண்ட் நிறுவனத்தின் குச்சி வடிவ மருந்தை வைத்துப் போட்டது. படை கேட்ட வேகத்தை அழுத்த வரம்புக்குள் நின்று அந்த மருந்தால் எப்போதும் தர முடியவில்லை. 1964-இல் படை உருண்டை வடிவ மருந்துக்கு மாறியது. வெடியறையின் உச்ச அழுத்தத்தில் பிரச்சினை இல்லை. தாளில் எல்லாம் சரி. ஆனால் புதிய மருந்து வேறு விதமாக எரிந்தது. துளையருகே வந்து சேரும்போது அழுத்தம் அதிகமாக நின்றது. வேட்டைத் தோட்டா காரண்டின் தண்டை வளைத்த அதே காரணம். போல்ட் கூடுதல் வேகத்தில் ஓடியது. நிமிடத்துக்கு 850 வெடிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்ட துப்பாக்கி 1,000-ஐ எட்டியது. பூட்டு முன்னதாகத் திறந்தது. வெடியறைச் சுவரோடு இன்னும் ஒட்டியிருந்த கூட்டைக் கொக்கி பிய்த்தது.

இதோடு வேறு குறைகளும் சேர்ந்தன. வியட்நாமின் ஈரத்தில் குரோமியம் பூசாத வெடியறை துருப்பிடித்துச் சிறு குழிகள் விழுந்தது. பித்தளைக் கூடு அந்தக் குழிகளைப் பற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின் பசிபிக் அனுபவத்திலிருந்தே குரோமியத்தின் அருமை தெரிந்திருந்தும், முதலில் வந்த எம்16-களுக்கு அது கொடுக்கப்படவில்லை. உருண்டை மருந்தில் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் அதிகம் தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. பல பிரிவுகளுக்குத் துடைக்கும் கோல்கூட வந்து சேரவில்லை. கூடு உள்ளே சிக்கிவிட்டால் அதைத் தள்ளி எடுக்க முன்பக்கமிருந்து கோலை விட வேண்டும். கோலைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்த பிரிவுகளில், எதிரி நெருங்கும்போது துப்பாக்கி சிக்கிய சிப்பாயின் நிலை என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கேசான் மலைச் சண்டைகளில் 1967-இன் வேனிலில் இறந்த சில கடற்படைப் பிரிவு வீரர்கள் பிரித்துப் போட்ட துப்பாக்கியின் அருகிலேயே கிடந்தார்கள் என்ற கடிதங்கள் ஊருக்கு வந்தன. அவற்றால்தான் விஷயம் வெடித்தது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ரிச்சர்டு ஐகார்டு தலைமையில் துணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1967 அக்டோபரில் வந்தது. மருந்தை மாற்றியதையும், மாற்றத்தின் விளைவை முழுதாகச் சோதிக்காமல் விட்டதையும் அது கடுமையாகக் கண்டித்தது. அதில் வெளிவந்த ஒரு விவரம் படிப்பவரைத் திகைக்க வைக்கும். தொழிற்சாலையில் துப்பாக்கியை ஏற்றுக்கொள்ளும் சோதனைக்கு, வேக வரம்பைத் தாண்டாமலிருக்க, பழைய குச்சி மருந்துத் தோட்டாவைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. களத்தில் சிப்பாய்க்குக் கிடைத்ததோ உருண்டை மருந்து. சோதித்தது ஒரு துப்பாக்கி, போரிட்டது வேறொரு துப்பாக்கி என்றே சொல்ல வேண்டும்.

பிறகு வந்த எம்16ஏ1-இல் வெடியறைக்குக் குரோமியம் பூசினார்கள், போல்ட்டின் வேகத்தைத் தணிக்கக் கனமான தாங்குகட்டையைப் போட்டார்கள், மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவைக் குறைத்தார்கள், துடைக்கும் கருவிகளைக் கொடுத்தார்கள். சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரைக் கொண்டு துப்பாக்கியைப் பராமரிக்கும் முறையைப் படக்கதையாகவே வெளியிட்டார்கள். துப்பாக்கி அதன்பின் நன்றாக ஓடியது. ஒரு மாறி மாறியபோது மற்றவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

குழலின் நீளம் அடுத்த சிக்கல். நெருக்கமான இடங்களில் சுழற்ற வசதியாக, எம்16-இன் இருபது அங்குலக் குழலை வியட்நாம் போரின்போதே குட்டையாக்கினார்கள். எக்ஸ்எம்177 என்ற வகையின் குழல் முதலில் பத்து அங்குலம், பிறகு பதினொன்றரை. இங்கே முக்கியமானது குண்டு துளையைக் கடந்த பிறகு குழலை விட்டு வெளியேறும் வரையிலான சிறு இடைவெளி நேரம். அந்த நேரம் முழுவதும்தான் வாயு அழுத்தத்தோடு உள்ளே ஏறுகிறது. குண்டு வெளியேறியதும் அழுத்தம் சரிந்துவிடும். குழலை வெட்டினால் இந்த நேரம் சுருங்கும். இயந்திரத்துக்குப் போதிய உந்துதல் கிடைக்காது. துளையைப் பின்னால் நகர்த்தினால், மிக அதிக அழுத்தம் இருக்கும் இடத்தில் துளை வந்துவிடும். எக்ஸ்எம்177-இன் வாயில் பொருத்திய நீண்ட குப்பி கண்ணைக் கூசவைக்கும் நெருப்பையும் செவிடாக்கும் ஓசையையும் குறைக்க வந்தது. ஆனால் அது வாயுவைச் சற்றே தடுத்துப் பின்னழுத்தம் கொடுத்ததால் துப்பாக்கி ஒழுங்காக ஓடவும் உதவியது. ஓசையைக் குறைத்ததால் அமெரிக்கச் சட்டம் அதைப் பின்னாளில் ஓசை அடக்கி வகையில் சேர்த்தது தனிக் கதை.

1990-களில் வந்த எம்4-இன் குழல் பதினான்கரை அங்குலம். அதன் துளை, எம்16-இல் இருந்த தூரத்தில் ஐந்தில் மூன்று பங்கு தொலைவிலேயே வெடியறைக்கு அருகில் இருக்கிறது. ஆகவே வாயு சூடாகவும் அழுத்தமாகவும் வந்து சேர்கிறது. போல்ட்டின் பற்கள் சீக்கிரம் களைத்து விரிசல் விடுகின்றன. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம் அதே உருவத்துக்குள் குட்டைப் பிஸ்டனை வைத்து எச்கே416-ஐச் செய்தது. நார்வேயும் பிறகு பிரான்சும் அதை எடுத்துக்கொண்டன. கரி இயந்திரத்துக்குள் வருவது நின்றது. ஆனால் முன்பக்கம் எடை கூடியது, பிஸ்டன் போல்ட் தாங்கியின் மேல்விளிம்பில் அடிப்பதால் அது சாய்ந்து தேயும் புதிய கவலையும் பிறந்தது. இலவசமாக எதுவும் கிடைக்காத துறை இது.

பொறியியல் கணக்கில் சட்டம் நுழைந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீளத் துப்பாக்கியின் குழல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கூட்டரசிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த அளவு இப்போது பதினாறு அங்குலம். ஆகவே பொதுமக்களுக்கு விற்பவர்கள் எம்4 போன்ற உருவத்துக்குப் பதினாறு அங்குலக் குழலைப் பொருத்தினார்கள். துளையின் இடத்தை மாற்றவில்லை. துளைக்கு முன்னால் படைத் துப்பாக்கியைவிட ஒன்றரை அங்குலம் அதிகக் குழல். வாயு உள்ளே ஏறும் நேரம் அதிகம். இயந்திரம் தேவைக்கு மேல் வேகமாக அடித்துக்கொண்டது. இதைச் சரிசெய்யத்தான் துளையைச் சற்று முன்னால் நகர்த்திய ‘இடைநீள’ வாயு அமைப்பு என்ற புதிய அளவு சந்தைக்கு வந்தது. ஒரு சட்டப் பிரிவில் எழுதிய எண், துப்பாக்கியின் வயிற்றில் ஒரு குழாயின் நீளத்தை முடிவு செய்தது.

வீட்டில் குழலையும் வாயு அமைப்பையும் மாற்ற முயல்பவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைப்பது கசப்பான செய்தி. பெரிதாக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. வெட்டிய குழல் வளராது. போல்ட்டுக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மயிரிழை பிசகினாலும் கூடு வெடித்து, சூடான வாயு சுடுபவரின் கண்ணுக்கு நேரே பின்னால் வரலாம். பிசகு முதல் வெடியிலேயே தெரிந்துவிடும் என்பதும் இல்லை. எம்16-இன் பிசகு ஏற்புச் சோதனையில் தெரியாமல் போர்க்களத்தில்தான் தெரிந்தது. இதனால்தான் ஐரோப்பாவில் குழல் சோதனை அரசு விஷயமாக நெடுங்காலமாக இருக்கிறது. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனை இல்லம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அங்கே ஒவ்வொரு குழலையும் வழக்கமான அளவைவிட அதிக அழுத்தம் தரும் வெடியால் சோதித்து முத்திரை குத்துவார்கள். முத்திரை பெற்ற குழலின் வலு குறையும்படி எவராவது கைவைத்தால் பழைய முத்திரை செல்லாது. மறுபடி சோதிக்காமல் விற்பது பிரிட்டிஷ் சட்டப்படி குற்றம்.

இந்தியாவில் ஈசாப்பூரும் திருச்சிராப்பள்ளியும் துப்பாக்கி செய்யும் ஊர்கள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட, இந்தியப் படையின் இன்சாஸ் துப்பாக்கி, ஏகே போன்ற நீள பிஸ்டனையும் எஃப்ஏஎல் போன்ற வாயு ஒழுங்கியையும் ஒன்றாகச் சேர்த்த வடிவம். கார்கில் குளிரில் அதைப் பற்றி வந்த புகார்கள் செய்தித்தாள்களில் நிறைய இடம்பிடித்தன. ஓர் அரசுத் தொழிற்சாலையின் அளவுகருவிகளும் சோதனை அறைகளும் இருந்தும் வருகிற குறைகள் இவை.

தனியார் கைவைப்பதைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் வளைந்துகொடுப்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கவோ போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றவோ தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. மீறினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. பழுது பார்ப்பதும் சோதிப்பதும்கூட அதற்கென உரிமம் பெற்ற பட்டறைக்காரரின் வேலை. உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர், குழலிலோ இயக்கத்திலோ கோளாறு கண்டால் அதை அந்தப் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.